ஜவ்வாது மலைக்கு மரம் பார்க்கப் போகிறவர்களுக்கு

12 வருடங்களுக்கு முன்பு ஜவ்வாது மலைக் காட்டில், நல்ல நிழலாகப் பார்த்து உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன். உட்காரும் இடத்தில் ஒடிந்து கிடந்த கிளையை இழுத்து ஓரமாகப் போட்டதும் நான்தான். மறுநாள் காலை காட்பாடியில் கண் விழித்தபோது முழங்கை வரை கொப்புளம். அது சேராங்கொட்டை மரம். அந்தக் காலத்தில் வெளுக்கிறவர்கள் துணிக்கு அடையாளக் குறி போட்டதும் அந்தக் கொட்டையின் பாலில்தான். தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். கூட வந்த மலைக்காரப் பெரியவர் பத்தடி தள்ளி நின்று அந்த மரத்தைக் காட்டி, "இத்த தொடாத சாமி" என்று சொன்னாராம். நான் அப்போது போனில் எதையோ படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கொப்புளத்துக்கு அப்புறம்தான் ஒழுங்காகக் காது கொடுக்கப் பழகினேன். வேலூர், ஆற்காடு, ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து முதல்முறையாக, மலைவாழ் மக்கள் ஒருவரோடு நடந்து செடி கொடிகளைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்கள் இவை.

யாருடைய மலை

பழைய வட ஆற்காடு 1989-இல் இரண்டானது. வேலூர் 2019-இல் மூன்றானது. மலை நகரவில்லை, அதன்மேல் கோடுகள்தான் விழுந்தன. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. புதூர்நாடும் நெல்லிவாசல்நாடும் திருப்பத்தூர் மாவட்டம். பீஞ்சமந்தையும் ஜார்தான்கொல்லையும் வேலூர் மாவட்டம், அணைக்கட்டுப் பக்கம். ஏதோ நிர்வாகச் சேதி என்று இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நீங்கள் நடக்கப்போகும் காடு எந்த வனச்சரகத்தில் வருகிறது என்பது தெரியாமல் யாரிடம் அனுமதி கேட்பீர்கள்?

மலையில் வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். "அப்ப நீங்க கேரளாவா?" என்று கேட்டு அசடு வழியாதவர் குறைவு. மலையாளி என்றால் இங்கே மலையில் வாழ்கிறவர், அவ்வளவுதான். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர்கள் மலையேறி வந்தார்கள் என்பது அவர்கள் சொல்லும் வழிவழிக் கதை. அடிவாரத்து ஊர்களில் இருளர்களும் இருக்கிறார்கள். அவர்களின் காட்டறிவு வேறு வகை. இரண்டையும் ஒன்றாக்கி "ஆதிவாசி மூலிகை" என்று பேசுகிற ஆளைக் கண்டால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

முதலில் அனுமதி

காப்புக்காடு என்ற பலகை இருக்கும் இடத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைப்பது குற்றம். தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, இன்னும் நடப்பில் உள்ளது. ஆகவே நேராக வனச்சரக அலுவலகம் போங்கள். அமிர்தி, ஒடுகத்தூர், ஆலங்காயம் என்று அந்தந்தப் பக்கத்துக்கு ஒரு சரகம் இருக்கிறது. எத்தனை பேர், எந்த வழி, யார் கூட்டிப்போகிறார், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வனவரிடம் போகிற வழியைச் சொல்லிவைப்பது உங்களுக்கும் நல்லது. கரடி நடமாட்டம் எந்தப் பக்கம் என்று அவருக்குத்தான் தெரியும்.

அலுவலகம் ஏறி இறங்க அலுப்பாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவோடு திறந்தது. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் பலர் அவற்றில் வழிகாட்டிகள். ஆனால் அது மலையேற்றம். கால் ஓடும், கண் நிற்காது. மரம் பார்க்கப் போகிறவருக்கு அது ஒத்துவருமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

முழுக்க அனுமதித் தொல்லையே வேண்டாம் என்றால் காட்டுக்குள் போகாமல் ஊரைச் சுற்றி நடங்கள். கொல்லை வரப்பு, கானாற்றங்கரை, கோயில் மரங்கள், வீட்டு வேலி. முதல் நடைக்கு இதுவே போதும் என்பேன். மலைக்காரர்கள் அன்றாடம் புழங்கும் செடிகளில் பெரும்பாதி வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கும்.

எப்போது போவது

இது இலையுதிர்க் காடு. பிப்ரவரியில் போனால் குச்சிகளைத்தான் பார்ப்பீர்கள். அதோடு தீக்காலம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கோடைத் தொடக்கத்தில் வனத்துறை பாதைகளை மூடினால், அதற்குக் குறுக்குவழி தேடாதீர்கள்.

ஆகஸ்டு முதல் ஜனவரி வரை நல்லது. வேலூர்ப் பக்கத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவத்திலும் மழை உண்டு என்பதால் செப்டம்பரிலேயே காடு பச்சை பிடித்துவிடும். நவம்பர் கனமழையில் மட்டும் தவிருங்கள். கானாறு சொல்லாமல் வரும்.

யாரோடு போவது

பெரிய ஆள் எண்ணிக்கை வேண்டாம். ஒருமுறை 22 பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். முன்னால் நடந்தவர்களுக்கு மரம் தெரிந்தது, நடுவில் இருந்தவர்களுக்கு முதுகு தெரிந்தது, பின்னால் வந்தவர்கள் சினிமா பேசிக்கொண்டு வந்தார்கள். ஆறு பேர் போதும்.

வழிகாட்டியை ஊரில் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். ஊர்ப் பெரியவரிடம் போய், எதற்காக வந்தோம் என்று சொல்லுங்கள். அவர் ஒருவரைக் கைகாட்டுவார். என் சிபாரிசு: அந்த ஆள் ஒரு பெண்ணாக இருந்தால் விட்டுவிடாதீர்கள். ஆண்கள் பெரிய மரத்தைக் காட்டி, அதிலிருந்து உத்தரம் அறுத்த கதை சொல்வார்கள். கீரை, கிழங்கு, குழந்தைக்கு வயிற்று வலி வந்தால் கொடுப்பது, கடுக்காய் பொறுக்கும் இடம், எல்லாம் பெண்கள் கையில் இருக்கிறது. கூச்சப்பட்டு அதிகம் பேசமாட்டார்கள். ஒரு மணி நேரம் சும்மா கூட நடந்தால் பேச்சு தானாக வரும்.

பெரியவரைத் தாத்தா, பெரியப்பா என்று கூப்பிடுங்கள். பெண்களை அக்கா, அம்மா. "ஹலோ பாஸ்" எல்லாம் பேருந்து நிலையத்தோடு சரி.

பணம் முன்னாலேயே பேசிவிடுங்கள். அவர் அன்று கொல்லை வேலையை விட்டுவிட்டு வருகிறார். நகரத்தில் ஒரு கொத்தனாருக்கு என்ன கொடுப்பீர்களோ அதற்குக் குறையாமல் கொடுங்கள், அரை நாள் நடையாக இருந்தாலும். "நடந்துதானே வர்றாரு, அதுக்கு எதுக்கு இவ்வளவு" என்று ஒரு நண்பர் கேட்டார். அவரை அடுத்த முறை நான் கூட்டிப்போகவில்லை.

கையில் என்ன

முழுக்கை சட்டை, செருப்புக்குப் பதிலாகக் காலை மூடும் பூட்ஸ் அல்லது கான்வாஸ் ஷூ, இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு நோட்டு, பென்சில். மழையில் பேனா எழுதாது. வண்டிக்குப் பெட்ரோலை போளூரிலோ ஆலங்காயத்திலோ போட்டுக்கொள்ளுங்கள். மேலே போனால் போன் சிக்னலை நம்ப வேண்டாம். சென்ட் பூசாதீர்கள், மலைத்தேனீக்கு அது பிடிக்காது, அதைவிட முக்கியம், நீங்கள் வந்ததே மோந்து பார்க்க.

நடக்கும் முறை

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம். புத்தகம் படித்துவிட்டுப் போகிறவர் பூவைத் தேடுவார். மலைக்காரர் பூவுக்குக் காத்திருப்பதில்லை. பட்டையைக் கீறாமல் பார்ப்பார், இலையைக் கசக்கி மோந்து பார்ப்பார், காம்பை ஒடித்துப் பால் வருகிறதா என்று பார்ப்பார், தரையில் கிடக்கும் பழைய காயைப் புரட்டுவார். மரம் எந்தச் சரிவில் நிற்கிறது, கூட யார் நிற்கிறார்கள் என்பதும் அவருக்கு அடையாளம். அந்த வரிசையை அப்படியே பின்பற்றுங்கள். அவர் மோந்து பார்த்த இலையை வாங்கி மோந்து பாருங்கள், அப்புறம் பெயர் கேளுங்கள். பெயரை முதலில் கேட்டால் பெயர் மட்டும்தான் வீடு வந்து சேரும்.

ஒரு நடைக்கு ஐந்து செடிகள் போதும். ஐம்பது பெயர் எழுதிக்கொண்டு வந்தவர்களிடம் ஒரு மாதம் கழித்துக் கேட்டிருக்கிறேன். ஆவாரம்பூவைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. அந்த ஐந்தில் முடிந்தவற்றை இரட்டையாக, ஒன்றைப் பார்த்து இன்னொன்று என்று ஏமாற வைப்பவையாகக் கேட்டு வாங்குங்கள். எனக்கு அப்படித்தான் மனதில் தங்கியது.

எட்டியும் தேத்தானும் அதற்கு நல்ல தொடக்கம். ஒரே குடும்பம். இரண்டு இலையிலும் அடியிலிருந்து நரம்புகள் கோடு கோடாக வளைந்து நுனிக்கு ஓடும். எட்டிப் பழம் ஆரஞ்சு நிறத்தில் கொழுகொழுவென்று, கை நீட்டச் சொல்லும். கொட்டை சட்டைப் பொத்தான் மாதிரி தட்டை. உயிரை வாங்கும் நஞ்சு. எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன என்று சும்மாவா சொன்னார்கள். தேத்தான் பழம் சிறியது, பழுத்தால் கருக்கும். தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் தேய்த்துக் கலங்கல் தண்ணீரை ஊற்றி வைத்தால் மண் அடியில் படிந்து நீர் தெளியும். ஒன்று கொல்லும், இன்னொன்று குடிநீர் தரும். காய் இல்லாத நாளில் இரண்டையும் அருகருகே நிறுத்தி, எது எது என்று கேளுங்கள். அவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பதுதான் அன்றைய பாடம்.

அடுத்த இரட்டை வெட்பாலையும் குடசப்பாலையும். இரண்டிலும் பால் வரும், இரண்டிலும் காய் நீளமாக இரண்டிரண்டாகத் தொங்கும். வெட்பாலையின் இளங்காய்கள் நுனியில் ஒட்டிக்கொண்டு இடுக்கி மாதிரி இருக்கும். குடசப்பாலையில் பிரிந்தே இருக்கும். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாகும். வேலூர் நாட்டு மருந்துக் கடைகளில் தோல் நோய்க்கு என்று விற்பார்கள். குடசப்பாலையின் பட்டை வயிற்றுக் கடுப்புக்குப் பேர்போனது.

கடுக்காய்க்கு இரட்டை வேண்டாம். அது தனி ஆள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம் பாலாற்றங்கரை முழுக்கத் தோல் தொழில் வளர்ந்ததில் இந்தக் காய்க்கும் ஆவாரம் பட்டைக்கும் பங்கு உண்டு. குரோமியம் வருவதற்கு முன் தோலைப் பதனிட்டவை இவைதான். மேலே பெண்கள் பொறுக்கிய காய், கீழே தொட்டியில் தோலை ஊறவைத்தது. உங்கள் தாத்தா தோல் ஷாப்பில் வேலை பார்த்தவராக இருந்தால் கடுக்காய்த் துவர்ப்பின் வாசனையை வீட்டிலேயே கேள்விப்பட்டிருப்பீர்கள். கீழே கிடக்கும் ஒரு காயை எடுத்துக் கொட்டையைத் தட்டி நீக்கிவிட்டுத் தோலை மட்டும் ஒரு துணுக்கு வாயில் போடச் சொல்வார்கள். சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு. சுக்கில் மேல்தோலையும் கடுக்காயில் கொட்டையையும் நீக்க வேண்டும் என்பது அதன் பொருள். முதலில் வாய் சுருங்கும். பிறகு தண்ணீர் குடித்துப் பாருங்கள், இனிக்கும்.

நேரம் இருந்தால் சிறுகுறிஞ்சான். இதைச் சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வார்கள். ஒரு இலையை நன்றாக மென்று துப்பிவிட்டு, கையோடு கொண்டுபோன வெல்லத்தை வாயில் போடுங்கள். மணலைத் தின்பது போல இருக்கும். குழந்தைகளோடு போனால் இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மற்ற எதையும் பார்க்க விடமாட்டார்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் ஒரு இலையோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

வேங்கை மரத்தில் பட்டையைக் கீறினால் ரத்தம் மாதிரி பிசின் வடியும். வருகிறவர்களுக்கு வேடிக்கை காட்டச் சில இளைஞர்கள் கத்தியை எடுப்பார்கள். வேண்டாம் தம்பி என்று சொல்லுங்கள். பழைய காயம் உள்ள மரம் எங்காவது இருக்கும். அங்கே உறைந்த பிசினைப் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பிசினைக் காய்ச்சித்தான் முன்பு குழந்தைகளுக்குக் கறுப்புப் பொட்டு வைத்தார்கள்.

தொடக்கூடாதவற்றை நடையின் தொடக்கத்திலேயே காட்டச் சொல்லுங்கள்: சேராங்கொட்டை, பூனைக்காலியின் சுணை, செந்தட்டி, வாயில் போடக்கூடாத குன்றிமணி, செங்காந்தள் கிழங்கு. நான் ஏன் இதை வலியுறுத்துகிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

கேட்கக்கூடாதவை

சந்தனம் இந்த மலையின் பெருமையும் தலைவலியும். நேரில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சாதாரணச் சிறு மரம், இலையில் வாசனை இருக்காது. பக்கத்து மரத்தின் வேரில் தன் வேரைப் பொருத்திச் சத்தை உறிஞ்சி வாழும் மரம் என்பதுதான் அதில் சுவாரசியம். பாருங்கள், கேளுங்கள். ஆனால் எங்கே எத்தனை மரம் இருக்கிறது என்று விசாரிக்காதீர்கள், இடம் தெரியும்படி படத்தைப் பகிராதீர்கள், ஒரு சிராய்கூட எடுக்காதீர்கள்.

செம்மரப் பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேர் இறந்தார்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அவர்களில் உண்டு. விளையாட்டாக ஒரு கேள்வியை யாருடைய வீட்டு வாசலில் நின்று கேட்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

மருந்து முறையையும் துருவாதீர்கள். "இது எதுக்கு ஆகும்?" என்று கேட்கலாம். "எவ்வளவு, எதோட சேர்த்து?" என்று அவர் சொல்லாதபோது கேட்பது வேறு. சில வீடுகளில் அது அப்பன் மகனுக்குச் சொல்வது, அவ்வளவுதான். 1987-இல் அகத்திய மலையில் ஆராய்ச்சியாளர்களைக் கூட்டிப்போன காணிப் பழங்குடியினர், களைப்பே இல்லாமல் நடந்ததன் ரகசியத்தை முதலில் சொல்லத் தயங்கினார்கள். சொன்ன பிறகுதான் ஆரோக்கியப்பச்சை என்ற செடி வெளியுலகுக்குத் தெரிந்தது, அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. இன்று பல்லுயிர்ச் சட்டம், 2002 இருக்கிறது. பழங்குடி அறிவை வைத்து வியாபாரம் செய்கிறவர் அனுமதி பெற வேண்டும், பலனைப் பகிர வேண்டும். நீங்கள் வியாபாரி இல்லை, சரி. ஆனால் அவர் சொன்ன கைமருந்தைச் செய்முறையோடு வீடியோ போட்டால் அது எங்கே போய் நிற்கும்? படம் எடுக்கும் முன் கேளுங்கள். எழுதும் முன்னும் கேளுங்கள்.

அவர்கள் நெல்லி பறிப்பதைப் பார்த்து நீங்களும் பையை நிரப்பக் கூடாது. வன உரிமைச் சட்டம், 2006-இன்படி காட்டின் சிறு விளைபொருள் அவர்களுடைய உரிமை. நன்னாரி, மாகாளிக்கிழங்கு போன்றவற்றை வேரோடு தோண்டினால் அந்தக் கொடி அத்தோடு போச்சு. ஊறுகாய்க்கு ஆசை என்றால் ஊரில் விலை கொடுத்து வாங்குங்கள். தேன், புளி, சாமை எல்லாம் கிடைக்கும்.

ஏதாவது ஆகிவிட்டால்

பாம்பு கடித்தால் பச்சிலை வேண்டாம். என்னைக் கூட்டிப்போன பெரியவரே இதைத்தான் சொன்னார். கடிபட்டவரை நடக்கவிடாமல், கட்டுப் போடாமல், கீறாமல் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு. 108 கூப்பிட சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்பதால், ஏறும்போதே வழியில் எந்த ஆரம்ப சுகாதார நிலையம் என்று பார்த்து வையுங்கள். வேலூர்ப் பக்கம் இறங்கினால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே போடும் விஷமுறிவு ஊசியிலும் பழங்குடி அறிவு இருக்கிறது: 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்துதான் அந்த மருந்தைத் தயாரிக்கிறார்கள்.

திரும்பி வந்த பிறகு

மதியம் வழிகாட்டி வீட்டில் சாமைச் சோறு போட்டால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். முன்கூட்டியே சொல்லி, அதற்குத் தனியாகப் பணம் கொடுத்துவிடுங்கள். அன்று ராத்திரியே நோட்டைத் திறந்து ஐந்து செடிகளுக்கும் ஆளுக்கு நான்கு வரி எழுதுங்கள்: வாசனை, பட்டை, பால், எங்கே நின்றது. பெயரை மலைக்காரர் சொன்னபடியே எழுதுங்கள். அகராதிப் பெயரைப் பிறகு பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அவர் சொன்னதை அடிக்காதீர்கள்.

அடுத்த வாரம் வேலூர்க் குன்றுகளின் அடிவாரத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஆவாரை இருக்கும், வெட்பாலை இருக்கும், தலைக்கு அரப்பு தேய்க்கிற உசிலை இருக்கும். வழிகாட்டி இல்லாமல் எத்தனையை அடையாளம் பிடிக்கிறீர்கள் என்று பாருங்கள். எனக்கு முதல் தடவை ஒன்றுதான் தெரிந்தது, அதுவும் ஆவாரை.

அப்புறம் ஜனவரிக் கடைசியில், தீக்காலம் தொடங்குமுன், அதே ஆளோடு அதே வழியில் இன்னொரு தரம் போங்கள். இலை பாதி உதிர்ந்திருக்கும். செப்டம்பரில் இலையை வைத்துக் கண்டுபிடித்த மரம் எது என்று அவர் கேட்பார். தரையைப் பாருங்கள்.